தொண்ணூற்றொரு சதவீதம்

லிஃப்ட் மெக்கானிக் காலையில் தன் போனில், இன்னும் சோதனையில் இருக்கும் பீட்டா அப்டேட்டைப் போட்டார். வழக்கமாக மதியத்துக்குள் மூச்சு வாங்கும் பேட்டரி, மாலை ஐந்து மணிக்கும் தொண்ணூற்றொரு சதவீதத்தில் குத்துக்கல் மாதிரி நின்றது.

"பாத்தியா? பயந்தாங்கொள்ளிங்கதான் பீட்டா வேணாம்பாங்க!" என்று மனைவியிடம் மார்தட்டினார்.

அந்நேரம் மாமனார் வேர்வையில் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தார்.

"மாப்ளே, எங்க அப்பார்ட்மென்ட் லிஃப்ட்ல மூணு மணி நேரம் மாட்டிக்கிட்டேன். உள்ள ஒட்டியிருக்கிற உங்க நம்பருக்கு நாப்பது தடவை அடிச்சேன். கடைசியில தீயணைப்புக்காரங்கதான் கதவை உடைச்சாங்க."

மனைவி உடனே கணவர் எண்ணை அழைத்துப் பார்த்தாள். அவர் கையிலிருந்த போன் வாயே திறக்கவில்லை.

"இன்னும் எத்தன லிஃப்ட்ல உங்க நம்பர் ஒட்டியிருக்கு?" என்று மாமனார் கேட்டார்.

"பதினேழு மாமா."