வெண்டலின் தொண்டை

எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கின் வாசலில் ஒரு பலகை தொங்குகிறது: ‘ரெஃபரியைத் திட்டாதீர்கள். வெண்டலின் தொண்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.’ முப்பது வருடம் ரெஃபரிகளைப் பார்த்துக் கத்தியதால்தான் கோச் வெண்டலுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. மனிதர் பிழைத்து வந்தார். குரல்தான் திரும்பவில்லை, டயரிலிருந்து காற்று இறங்குவது போல ஒரு சத்தம் வரும். அன்றிலிருந்து ஆறு வருடமாக எங்கள் அரங்கில் ஆட்டம் நடந்தால் சர்ச்சில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். வெளியூர்க்காரர்கள் எங்களைப் பண்பானவர்கள் என்று வேறு புகழ்கிறார்கள்.

நான் லெனோர், ஊர் நர்ஸ். வெண்டலின் மருத்துவக் காகிதங்கள் என் கை வழியாகத்தான் போயின. உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். ஆனால் ஒருவருடைய நோயை நான் வெளியே சொல்லக் கூடாது.

திங்கட்கிழமை பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு எச்பிவி தடுப்பூசி, கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயைத் தரும் வைரஸுக்கு எதிரானது. பெண் பிள்ளைகளின் சம்மதப் படிவங்கள் வந்துவிட்டன. ஹாக்கி அணிப் பையன்கள் ஒன்பது பேரிடமிருந்து ஒன்றுகூட வரவில்லை. காரணம், கோல்கீப்பர் பிரேடன். கோல் காக்கிறவன் முதலில் இறங்காமல் எங்கள் ஊரில் எந்த அணியும் பனியில் கால் வைக்காது. ஊசிக்கும் அதே சட்டமாம். பிரேடனின் அப்பா டுவெயின் என்னோடு பள்ளியில் படித்தவன். அரங்கின் கேன்டீனில் உருளைக்கிழங்கு வறுக்கிறான். சனிக்கிழமை படிவத்தை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனேன்.

“அது பொம்பளப் பிள்ளைங்க ஊசி லெனோர். என் பையனுக்குக் கர்ப்பப்பை எங்க இருக்கு, நீயே சொல்லு.”

“தொண்டை இருக்குல்ல? ஆம்பளைங்களுக்கு அந்த வைரஸ் தொண்டையிலயும் புற்றுநோயைக் கொண்டாரும்.”

“தொண்டைக்காகத்தான் அவனை நான் கத்தவே விடறதில்லையே!”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இந்த வயசுல போட்டாத்தான் நல்லா வேலை செய்யும், டுவெயின்.”

“சரி, நம்ம ஊர்ல யாருக்கு அப்பிடி வந்துச்சு? ஒரே ஒரு ஆளக் காட்டு.”

நான் வினிகர் பாட்டிலைப் பார்த்தேன். மூலை ஸ்டூலில் காப்பியோடு உட்கார்ந்திருந்த வெண்டலைப் பார்க்கக் கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டேன். கோப்பை கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

“என்னக் காட்டு, லெனோர்,” என்றார் வெண்டல்.

“கோச், உங்களுக்குக் கத்திக் கத்தித்தானே...”

“கத்தினதால ஒண்ணுமில்ல. அந்த வைரஸ்தான். டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. அது நெருங்கிப் பழகறதுல ஒட்டறது. யாருகிட்டருந்து, எப்போனு நீங்கல்லாம் கேப்பீங்களேனு வெக்கமா இருந்துச்சு. வாய மூடிக்கிட்டேன்.”

யாரும் எதுவும் கேட்கவில்லை. எண்ணெயில் கிழங்கு கருகத் தொடங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர் அத்தனை பேர் முன்னால் தன்னைத் திறந்து வைத்ததைப் பார்த்தால் யாருக்கும் வரும்.

“அப்போ ஆறு வருஷமா நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தது சும்மாவா?” என்றான் டுவெயின்.

“எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு,” என்றார் வெண்டல்.

டுவெயின் கையைத் துடைக்காமலே பேனாவை வாங்கினான். கையெழுத்தைவிட எண்ணெய்க் கறை பெரிதாக விழுந்தது.

திங்கட்கிழமை பிரேடன் கண்ணை இறுக மூடிக்கொண்டு முதலில் வந்தான். பின்னால் எட்டுப் பேர். ஊசி வாங்கியதும் ஒவ்வொருவனும், ஆட்டம் முடிந்து எதிரணியோடு செய்வதைப்போல, என் முஷ்டியில் முஷ்டியை இடித்து “நல்லா ஆடினீங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். ஆறு மாதம் கழித்து இன்னொரு ஊசி உண்டு என்பதை இன்னொரு நாள் நினைவுபடுத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவர்கள் முகம் அவ்வளவு பெருமையாக இருந்தது.

மறுநாள் பையன்களின் ஆட்டம். பிரேடன் காத்த வலையில் கோட்டைத் தாண்டாத ரப்பர் வட்டை ரெஃபரி கோல் என்றுவிட்டார். வழக்கம்போல அரங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கேன்டீனிலிருந்து கரண்டியோடு வெளியே வந்த டுவெயின் வெண்டலைப் பார்த்தான். ஒவ்வொருவராக எல்லோரும் வெண்டலைப் பார்த்தார்கள். அவர் ஒரு வாய் காப்பி குடித்தார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார்.

“யோவ்! கண்ண வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?” என்று ரெஃபரியைப் பார்த்துக் கத்தினான் டுவெயின்.

ரெஃபரியின் வாயிலிருந்து விசில் விழுந்தது. ஆறு வருடத்துக் கத்தல் ஒன்றாகக் கிளம்பி, கூரைத் தகரம் அதிர்ந்தது. கோல் வலைக்கு முன்னால் பிரேடன் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, ஊசி போட்ட கையைத் தலைக்கு மேலே தூக்கினான், வலியில் முகத்தைச் சுளித்தான், இறக்கவே இல்லை.