கலைமதியின் கடைக்கு ஒரு கேட்வே

கலைமதிக்குப் பேச்சு திக்கும். தெரிந்தவர்களிடம் அவ்வளவாக இல்லை, போனில்தான் மோசம். ‘ஹலோ’ என்ற சொல்லே தொண்டையில் நின்றுவிடும். எதிர்முனையில் இருப்பவர் இரண்டு முறை ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்.

தண்டலம் பக்கத்துக் கல்லூரியில் பி.சி.ஏ. முடித்தவள் அவள். இன்டர்வியூவுக்குப் போனால், அவள் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரே இருப்பவர்கள் அடுத்த ஆளின் காகிதத்தை எடுத்துவிடுவார்கள். ஆகவே செல்போன் கம்பெனியில் லைனில் நின்று பாகங்களைப் பொருத்தும் வேலைக்குப் போனாள். அங்கே கை ஓடினால் போதும், வாய் தேவையில்லை. அந்தக் கம்பெனியும் மூடிவிட்ட பிறகு, பென்னலூர் வீட்டில் சில மாதம் சும்மா இருந்தாள்.

அவள் அம்மா பாஞ்சாலி பிறந்த குழந்தைகளுக்குச் சட்டை தைப்பாள். பொத்தான் கிடையாது, பக்கவாட்டில் நாடா. தையல் குழந்தையின் தோலில் உரசாதபடி மடிப்பை வெளிப்பக்கம் வைப்பாள். கலைமதியோடு லைனில் நின்ற முத்துச்செல்வி பிரசவத்துக்கு ஊருக்குப் போகும்போது நாலைந்து சட்டைகளைக் கொண்டுபோனாள். பார்த்தவர்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். அப்படித்தான் கலைமதிக்கு இணையத்தில் ஒரு கடை போடும் எண்ணம் வந்தது. இலவசமாகக் கிடைத்த ஒரு கடை மென்பொருளை இறக்கி, படங்களை ஏற்றி, எல்லாம் செய்தாள்.

ஆனால் வாங்க நினைத்தவர்கள் பணம் எப்படிக் கட்டுவது என்று போன் செய்தார்கள். போனைப் பாஞ்சாலிதான் எடுத்தாள்.

“அவ வேலையா கீறா. நான் அவுங்க அம்மா பேசறேன், சொல்லுங்க.”

கலைமதி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அம்மா கேட்டு எழுதும் முகவரியில் பின்கோடு விட்டுப்போகும். ஆறு மாதக் குழந்தைக்குக் கேட்டால் பிறந்த குழந்தையின் அளவு போய்ச் சேரும். கடையிலேயே பணம் கட்டும் வசதி இருந்தால் யாரும் போன் செய்ய வேண்டியதில்லை என்று கலைமதி கணக்குப் போட்டாள். அதனால்தான் கடைகளுக்காக இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே கம்பெனி ஒன்றுக்குச் சென்னையில் விண்ணப்பித்தாள். முதலில் சோதனைக்காக ஒரு கணக்கு கொடுத்தார்கள். அதைத் தன் கடையோடு இணைக்க உட்கார்ந்தாள்.

“அப்பிடி இன்னாதான் பண்ற நாளெல்லாம்?” என்றாள் பாஞ்சாலி, தையல் மிஷினில் இருந்தபடி.

“வாங்குறவங்க நம்ம கடையிலேந்து பணம் கட்ட வெளிய போறாங்கம்மா. கட்டிட்டுத் திரும்பி வரும்போது கேட்வே ஒரு சீல் குத்தி அனுப்பும். அது நெசமான சீ... சீலான்னு நம்ம கடை பாத்துதான் உள்ள வுடணும்.”

பாஞ்சாலி சில வருடம் ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்தவள். “கேட் பாஸ் மாதிரி,” என்றாள்.

“அதேதான்.”

அந்த சீல் பொருந்தவே இல்லை. ஒவ்வொரு முறையும் ‘தவறு’ என்று சிவப்பில் வந்தது. கலைமதி விளக்கக் குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். விவரங்களை எந்த வரிசையில் கோக்க வேண்டுமோ அதில் இரண்டை அவள் இடம் மாற்றியிருந்தாள். சரிசெய்ததும், ஒரு பிற்பகலில், ‘உங்கள் ஆர்டர் பெறப்பட்டது’ என்று பச்சையில் வந்தது. அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள்.

“சும்மா போட்டுப் பாத்த ஆர்டர்தானே? அதுக்குப் போயி இன்னாத்துக்கு அழற?” என்று பாஞ்சாலி முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள்.

உண்மையான கணக்கைத் திறக்கும் முன் கடை உரிமையாளரிடம் போனில் விசாரிப்போம் என்று கேட்வே கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. கலைமதி அதை அம்மாவிடம் சொன்னாள். பிறகு அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

போன் வந்தபோது கலைமதி பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“கலைமதிங்களா?” என்றது ஒரு பெண் குரல்.

“ஆமாங்க, கலைமதிதான் பேசறேன்,” என்றாள் பாஞ்சாலி.

கடையின் பெயர், முகவரி, என்ன விற்கிறீர்கள் என்பதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னாள். “டெஸ்டிங் முடிஞ்சிருச்சுங்களா? பணம் கட்டினவங்க எந்தப் பக்கத்துக்குத் திரும்பி வராங்க, அந்த யு.ஆர்.எல். சொல்லுங்க,” என்றாள் அந்தப் பெண்.

“அதெல்லாம் எம் பொண்ணுதான்...” என்று தொடங்கிய பாஞ்சாலி நிறுத்திக்கொண்டாள்.

“உங்க பொண்ணுதான் கலைமதியாம்மா? அப்ளை பண்ணவங்களேதான் பேசணும். நாளைக்குக் கூப்பிடறேன்.”

பாஞ்சாலி திரும்பியபோது கலைமதி ஈரத்துணியோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

“ஏம்மா?”

“நீ கஷ்டப்படறத என்னால கேட்டுகினு நிக்க முடியலடி.”

“நா... நான் கஷ்டப்படல. எனக்கு நேரம் ஆவுது, அவ்ளோதான். நான் முடிக்கறதுக்குள்ள நீ முடிச்சிடற. சின்ன வயசுலேந்து ஒரு வார்த்தையாவது நா... நானா மு... மு...”

பாஞ்சாலியின் உதடுகள் அந்தச் சொல்லைச் சொல்லத் திறந்தன. அது அவளுக்கே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள். வெளியே ஒரு கன்டெய்னர் லாரி கடந்து போனது. கலைமதியின் கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது.

“...முழுசா சொன்னதில்ல.”

அன்று இரவு சோறு போடும்போது பாஞ்சாலி, “நாளைக்கு நீயே பேசு,” என்றாள்.

மறுநாள் போன் மணி அடித்ததும் பாஞ்சாலி குடத்தை எடுத்துக்கொண்டு, “தண்ணி புடிச்சினு வரேன்,” என்று கிளம்பிவிட்டாள். அந்த நேரத்தில் குழாயில் தண்ணீர் வராது. காலிக் குடத்தோடு குழாயடியில் நின்றிருந்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது கலைமதி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட் முதுகெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது.

“அ... அவங்க வைக்கலம்மா. நடுவுல ஒரு தரம் இருக்கீங்களான்னு கேட்டாங்க. இருக்கேன்னேன். அப்புறம் நான் முடிக்கற வரைக்கும் இருந்தாங்க.”

அடுத்த வாரம் கணக்கு திறந்தது. முதல் ஆர்டர் தென்காசியிலிருந்து வந்தது. சுகப்பிரியா என்று பெயர். பணம் வந்துவிட்டதாகக் கேட்வே சொன்னது, கட்டவில்லை என்று கடை சொன்னது. கலைமதி பதறிப்போய்த் தேடினாள். சோதனையின்போது அவள் கூரியர் கட்டணத்தைச் சேர்த்துப் பார்க்கவில்லை. அது சேர்ந்ததும் தொகையில் பைசாவும் வந்தது. சீலைச் சரிபார்க்கும் இடத்தில் அவளுடைய நிரல் பைசாவை வெட்டிவிட்டது, ஆகவே சீல் பொருந்தவில்லை. ஒரே வரியில் திருத்திவிட்டாள்.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு ‘பணம் செலுத்தப்படவில்லை’ என்றல்லவா காட்டியிருக்கும்? மெயில் அனுப்பலாம் என்று நாலு சொல் அடித்தாள். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு, ஆர்டரில் இருந்த எண்ணைப் பார்த்துப் போனை எடுத்தாள். பாஞ்சாலி மிஷினிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள்.

“ஹ... ஹ...”

“ஹலோ, யாரு பேசுதது? ஒண்ணும் கேக்கல. சிக்னல் இல்லையோ?”

“சி... சிக்னல் நல்லா இருக்குதுங்க,” என்றாள் கலைமதி. “எனக்குத் தி... திக்கும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க. கு... குழந்தைச் சட்டைக் கடையிலேந்து பேசறேன்.”

“அப்படியா? மெதுவாச் சொல்லுங்க அக்கா. எனக்கு எட்டு மாசம், நிக்க முடியல. உக்காந்துக்கிடுதேன், இருங்க.”

நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. கலைமதி சொன்னாள். பணம் வந்துவிட்டது, தவறு கடையுடையது, மறுபடி கட்ட வேண்டாம், சட்டைகளை நாளைக்கே அனுப்புகிறேன். சொல்லி முடிக்க நேரமானது. சுகப்பிரியா “ம்” மட்டும் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“பணம் போச்சேன்னு இவங்ககிட்டகூடச் சொல்லாம இருந்தேன் அக்கா. நல்லவேளை கூப்பிட்டீங்க,” என்றாள் கடைசியில். “வெச்சுராதீங்க, ஒண்ணு கேக்கணும். இது மொதப் பிள்ளை. எனக்கு ஒண்ணுமே தெரியாது. சட்டையைத் துவைச்சுட்டுத்தான போடணும்? எப்படித் துவைக்க?”

கலைமதி சிரித்தாள். போனில் அவள் சிரித்துப் பாஞ்சாலி பார்த்ததில்லை. “வெ... வெந்நீர்ல ஒரு அலசு அலசிப் போடுங்க.”

மிஷினுக்குப் பின்னால் பாஞ்சாலி நெளிந்தாள். இரண்டு கைகளையும் மடியில் கோத்து இறுக்கிக்கொண்டாள். போனை வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“வெந்நில போட்டா நாடா சாயம் வுட்டுடும்டி. பச்சத் தண்ணிதான்.”

“அப்பவே சொல்றதுக்கு இன்னா?”

“நீ பேசிகினு இருந்தியே. திரும்பப் போட்டுச் சொல்லு.”

கலைமதி மறுபடியும் அந்த எண்ணை அழுத்தினாள்.