ஐந்தாம் கரையின் ஓட்டை

விடிவதற்குள் நூற்றுப்பத்துச் சுவர்களில் முட்டியாகிவிட்டது.

சுவரக்கா கட்டைவிரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரியைப் பிரித்தாள். ஊறிப்போன தோலை ஊதிவிட்டுப் புதிதாக ஒன்றைச் சுற்றினாள். திரையில் அவளுடைய விண்வெளிக்காரி அடுத்த சுவருக்கு எதிரே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். நேராகத் தள்ள வேண்டும். பிறகு இடது மூலை, வலது மூலை, குனிந்து ஒருமுறை, எகிறி ஒருமுறை. சுவர் தாங்கினால் பச்சை. உடல் உள்ளே புகுந்துவிட்டால் சிவப்பு. அப்புறம் அடுத்த சுவர்.

கூடத்தின் ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள், திரையில் வெயில் விழக்கூடாது என்று. வெளியே முதல் பேருந்து வளைந்து திரும்பும் சத்தத்தை வைத்துத்தான் உள்ளே விடியும். ஆறு பெண்கள், ஆறு திரைகள். 'ஒன்பதாம் கரை' என்ற அந்த வீடியோ கேம் கடைக்குப் போவதற்குமுன் அதில் உள்ள குறைகளையெல்லாம் விளையாடியே கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. பக்கத்துக் கூடத்தில் ஆண்கள் கிரகங்களை வரைந்தார்கள். இவர்கள் அவற்றில் முட்டிப் பார்த்தார்கள். சுவர்ப் பிரிவு என்று அலுவலகமே இவர்களைக் கேலியாக அழைத்தது. மூத்தவள் என்பதால் அவள் சுவரக்கா ஆனாள்.

"உங்கம்மா என்ன வேலை பாக்குறாங்கன்னு டீச்சர் கேட்டாங்கம்மா," என்று மகள் ஒருநாள் சொன்னாள். "நாள் முழுக்க சுவத்துல முட்டிக்கிறாங்கன்னு சொன்னேன். பாவம்னு சொன்னாங்க."

அன்று இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இரவு படுத்தபின்னும் போர்வைக்குள் அவளுடைய கட்டைவிரல்கள் எதையோ அழுத்திக்கொண்டிருந்ததை மகள் பார்க்கவில்லை.

கேம் வெளிவருவதற்கு இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை விடியலில் அது நடந்தது. கேமில் ஒவ்வொரு கிரகமும் ஒரு கரை. ஐந்தாம் கரையில் உப்புக் கிடங்கு ஒன்று உண்டு. அதன் பின்சுவரில், இடது மூலையில், குனிந்து தள்ளியபோது விண்வெளிக்காரி உள்ளே போய்விட்டாள். உள்ளே தரை இல்லை. விழுந்தாள். தலைக்கு மேலே அந்தக் கிரகத்தின் அடிப்பகுதி ஓர் ஓட்டைப் படகுபோல் விலகிப் போயிற்று. சுற்றிலும் நட்சத்திரங்கள் மட்டும். இசை இல்லை, எதிரி இல்லை. விழுவதற்கு எதையும் அழுத்த வேண்டியதில்லை. அவள் கன்ட்ரோலரை மடியில் வைத்தாள். மூன்று மாதமாகப் பதினான்கு மணி நேர வேலை. கைகள் சும்மா இருந்தால் எப்படி இருக்கும் என்பதே மறந்திருந்தது. பத்து நிமிடம் அப்படியே இருந்தாள். அந்தப் பத்து நிமிடம் முதலாளிக்கு அவள் தேவைப்படவில்லை, வீட்டுக்குத் தேவைப்படவில்லை, திரையில் விழுந்துகொண்டிருந்தவளுக்குக்கூடத் தேவைப்படவில்லை.

கம்ப்யூட்டரில் பதியும்முன் ஒவ்வொரு குறையையும் நோட்டில் எழுதிக்கொள்வது அவள் வழக்கம். அன்றும் எழுதினாள். கம்ப்யூட்டரில் மட்டும் பதியவில்லை. செவ்வாய்க்கிழமை, சோதனைக்காரர்களுக்கு மட்டும் உள்ள குறுக்கு வழியில் புதிதாகத் தொடங்கி, இரண்டு முறை அங்கே போய் விழுந்தாள். புதன்கிழமைதான் மனசு குத்தி, 4117 என்ற எண்ணில் பதிந்தாள்: பத்து முறை முயன்றால் பத்து முறையும் விழுகிறாள், விழும்போதே கேம் அந்த நிலையைச் சேமித்துவிடுகிறது, திரும்ப வழியில்லை.

மாலையில் முதலாளியிடமிருந்து பதில் வந்தது. 'அங்கே யார் போகப்போகிறார்கள்? திருத்தப் பட்டியல் நேற்றோடு மூடியாகிவிட்டது. தள்ளிவை.'

திருத்துகிறேன் என்ற பதிலுக்குப் பச்சை மை, தள்ளிவை என்ற பதிலுக்குச் சிவப்பு மை; வழக்கம்போல அதைச் சிவப்பில் நோட்டில் எடுத்து எழுதினாள். 'நேற்றோடு' என்ற சொல் மட்டும் மீன்முள்போலத் தொண்டையில் நின்றுவிட்டது.

வெளியீட்டு நாளன்று காலை முதலாளி சுவர்ப் பிரிவுக்குள் வந்தார். அவர் அந்தக் கூடத்துக்கு வந்ததே அதுதான் முதல்முறை. கையில் ஃபோன், முகமெல்லாம் வெளிச்சம்.

"கேளுங்கம்மா எல்லாரும்! ஊர்லயே பெரிய விமர்சகர், பத்துக்கு ஒன்பது போட்டிருக்கார்." வாசித்தார். "'ஐந்தாம் கரையில், ஒரு கிடங்கின் பின்னால், நாயகி உலகத்தின் அடியில் முடிவில்லாமல் விழுகிறாள். இசையைக்கூட நிறுத்திவிட்டார்கள். தனிமையை இவ்வளவு துணிச்சலாக எந்தக் கேமும் காட்டியதில்லை.'"

ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடி என்று அவர்கள் கூப்பிடும் கடைக்குட்டி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். சிரிப்பை அடக்க அவளுக்கு அது ஒரு வழி.

"அந்த ஓட்டையையா சார் சொல்றாரு?" என்று கேட்டுவிட்டாள்.

"ஓட்டையா? அது காட்சிம்மா," என்றார் முதலாளி.

மறுநாள் பேட்டியில், அது தன்னுடைய சின்ன வயதுக் கனவு என்றார். மற்ற விமர்சகர்களும் அங்கே போய் விழுந்தார்கள்; ஆளாளுக்கு ஒரு தத்துவம் எழுதினார்கள். முதல் வாரம் கேம் விற்பனை அள்ளிக்கொண்டு போயிற்று.

"அவருக்குக் கனவு. விழுந்தது மட்டும் நாம," என்றாள் பாட்டுக்காரி. எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே சுவர் முட்டுகிறவள் அவள்.

இரண்டாவது வாரம் விளையாட வாங்கியவர்கள் விழுந்தார்கள். விமர்சகர் விழுந்துவிட்டுக் கட்டுரை எழுதப் போய்விட்டார். வாங்கியவர்களோ மேலே வந்து ஆட்டத்தைத் தொடர வேண்டியிருந்தது. வர முடியவில்லை. இருபது மணி நேரம் ஆடிச் சேர்த்ததெல்லாம் போயிற்று. இணையக் கடையில் 'மிக நன்று' என்றிருந்த மதிப்பீடு 'கலவை' ஆயிற்று, பிறகு 'மோசம்' ஆயிற்று. வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். ஒன்பது போட்டவரே இன்னொரு கட்டுரை எழுதி ஐந்தாகக் குறைத்தார்.

சுவரக்கா பேருந்தில் நின்றுகொண்டே அந்த வசவுகளையெல்லாம் படித்தாள். படிக்காமல் இருக்க முடியவில்லை. ஆறாத புண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல. கெட்ட வார்த்தைகள் அவளை ஒன்றும் செய்யவில்லை. யாரோ ஒருவர் சாதாரணமாக ஒரு வரி எழுதியிருந்தார்: 'கடைக்கு அனுப்பும்முன் இதை ஒருவர்கூடவா விளையாடிப் பார்க்கவில்லை?' அன்று இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஓட்டையை அடைக்கும் அப்டேட் தயாரானது. சுவர்ப் பிரிவு மறுபடி விடியலில் வர ஆரம்பித்தது. ஆறு பேரும் முட்டிப் பார்த்து 'சரி' என்று தங்கள் பணியாளர் எண்ணைப் போட்டால்தான் விநியோகக் கம்பெனி அதை வெளியே விடும். கடைசி நாளன்று, காலை பத்து மணிக்கு, முதலாளி அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்கம்மா. விநியோகக் கம்பெனிக்காரங்க குடையறாங்க. யார் தப்புன்னு எழுத்துல வேணுமாம்." ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "சின்ன விஷயம்தான். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

சோதனைப் பிரிவு ஐந்தாம் கரையை முறையாகச் சோதிக்கவில்லை, அந்தக் குறை நிர்வாகத்தின் கவனத்துக்கு வரவே இல்லை என்றது தாள். அவள் இரண்டு முறை படித்தாள்.

"நான் பதிஞ்சேனே சார். நாலாயிரத்து நூத்திப் பதினேழு."

"அப்படி ஒரு பதிவு இப்ப இல்ல."

"நீங்க பதில்கூடப் போட்டீங்க சார்."

"இல்லன்னா இல்லம்மா." குரல் தணிந்தே இருந்தது. "அந்த அஞ்சு பேரும் இன்னியோட போறாங்க. உங்கள மட்டும் வெச்சுக்கறேன். புதுசா வர்றவங்களுக்கு நீங்கதான் தலைமை. பொண்ணு படிக்குதில்ல? யோசிங்க."

"பேட்டியில உங்க கனவுன்னு சொன்னீங்களே சார்?"

"பேட்டி வேற, பொழப்பு வேற." சிரித்தார். "மத்தியானத்துக்குள்ள தாள் வரணும். சாயங்காலம் அப்டேட் வெளியே போகணும். சரியா?"

அவள் தாளோடு வெளியே வந்தாள். கூடத்துக்குப் போகாமல் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். வீட்டு வாடகையும் மகளின் பள்ளியும் அவள் ஒருத்தியின் கட்டைவிரல்களில் நின்றன. நோட்டு பையில்தான் இருக்கிறது. கொண்டுபோய்க் காட்டினால் அவர் பொய் உடைந்துவிடும். ஆனால் அந்தப் பக்கத்தில் இரண்டு தேதிகள் இருந்தன. கண்டது திங்கள். பதிந்தது புதன். செவ்வாயோடு மூடிய பட்டியல். திங்களன்றே சொல்லியிருந்தால்? அவள் ஓய்வெடுத்துக்கொண்ட அந்தப் பத்துப் பத்து நிமிடங்களுக்குத்தான் இப்போது ஐந்து பெண்கள் வீட்டுக்குப் போகிறார்களா? கையெழுத்துப் போட்டால் அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. தாளில் இருப்பது பொய்தான், ஆனால் அதற்குள் தன் பங்குக்கு ஒரு துளி உண்மையும் இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. அதுதான் அவளை உட்காரவும் விடவில்லை, நடக்கவும் விடவில்லை. குழாயை மூடினாள். மறுபடி திறந்தாள். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள்.

"என்னக்கா, முகமே சரியில்ல?" என்றாள் பாட்டுக்காரி.

தாளை மேஜைமேல் வைத்தாள். அதன்மேல் நோட்டை வைத்தாள். ஐந்து பேரும் நாற்காலிகளை உருட்டிக்கொண்டு சுற்றிலும் வந்தார்கள். அவர் சொன்னதைச் சொன்னாள். ஐந்து பேருக்கும் வேலை போகிறது, தனக்கு மட்டும் தலைமை. பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து தேதிகளில் விரலை வைத்தாள்.

"ரெண்டு நாள் நான் சொல்லல. கண்டுபிடிச்சுட்டு மறைச்சுட்டேன்."

"ஏங்க்கா?"

"விழுந்துட்டே இருந்தேன்." குரல் உடைந்தது. "கை வலிக்கல அங்க. வேற ஒண்ணும் இல்லடி. கை வலிக்கல."

முதலில் பேசியது பாட்டுக்காரி.

"மூணாம் கரையில ஒரு குகை இருக்கு. உள்ள போனா காத்து சத்தம் மட்டும்தான் வரும். தினம் அங்கதான் உக்காந்து சாப்பிடுவேன். 'குகை சோதனை'ன்னு எழுதிடுவேன்."

"நான் கப்பல் ஓட்டுற சீட்டுல," என்றாள் ஓரத்தில் இருந்தவள். "மூணு தடவை தூங்கியிருக்கேன்."

கண்ணாடி சிரிக்கவில்லை. நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பின்னோக்கிப் புரட்டினாள். சிவப்பு வரிகளை மட்டும் உரக்கப் படித்தாள். "'ஏணி மாயமாகிறது.' பதிஞ்சது வெளியீட்டுக்கு ரெண்டு மாசம் முன்ன. பதில், தள்ளிவை. 'கதவு பூட்டிக்கொண்டு திறக்கவில்லை.' ஒன்றரை மாசம் முன்ன. தள்ளிவை. 'பாலத்திலிருந்து விழுந்தால் கேம் நின்றுவிடுகிறது.' தள்ளிவை, தள்ளிவை..." நிமிர்ந்தாள். "அக்கா, இதெல்லாம் அன்னன்னைக்கே பதிஞ்சதுதானே? இதுல எத அவரு சரி பண்ணாரு? திங்கக்கிழமையே சொல்லியிருந்தா மட்டும் பச்சை மையில பதில் வந்திருக்குமா?"

சுவரக்கா நோட்டின்மேல் குனிந்தாள். தன் கையால் எழுதிய அந்தச் சிவப்பை அவள் ஒன்றாக வைத்துப் பார்த்ததே இல்லை.

"ரெண்டு நாள் உன் தப்புன்னே வெச்சுக்குவோம்," என்றாள் கண்ணாடி. "பதினாலு மணி நேரம் உக்கார வெச்சது யார் தப்பு? ஓட்டைக்குள்ள போய் ஓய்வெடுக்கிற மாதிரி ஆக்கினது யாரு?"

"போய்க் கத்திட்டு வரலாமா?" என்றாள் பாட்டுக்காரி.

"கத்தினா கதவைச் சாத்திப்பாரு." சுவரக்கா எழுந்து நின்றாள். "சாயங்காலம் அவருக்கு வேண்டியது நம்ம ஆறு எண். ஒண்ணு குறைஞ்சாலும் அப்டேட் போகாது. என்னோடது போகாது. நீங்க..."

"எங்களுதும் போகாது," என்று யாரோ முடித்தார்கள். யாரென்று அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் இன்னொரு குரல் அதையே சொன்னது.

மத்தியானம் தாள் வரவில்லை. பன்னிரண்டரைக்கு முதலாளி தானே வந்தார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

ஆறு திரைகளிலும் பழைய கேம் ஓடிக்கொண்டிருந்தது, ஓட்டை அடைபடாத கேம். ஆறு விண்வெளிக்காரிகள் நட்சத்திரங்களுக்கு நடுவே விழுந்துகொண்டிருந்தார்கள். கன்ட்ரோலர்கள் மேஜைமேல் வரிசையாகக் கிடந்தன. பன்னிரண்டு கைகளும் மடியில் இருந்தன. ஜன்னலில் ஒரு கறுப்புக் காகிதத்தை யாரோ கிழித்துவிட்டிருந்தார்கள். வெயில் நேராகத் திரைகள்மேல் அடித்தது.

"என்னம்மா நடக்குது இங்க?"

"விழுந்துட்டிருக்கோம் சார்," என்றாள் சுவரக்கா. "பத்துக்கு ஒன்பது வாங்கின இடம். நின்னு பாருங்க."

கண்ணாடிக்கு இந்தமுறை துடைக்கத் தோன்றவில்லை, வாய்விட்டே சிரித்தாள்.

"தாள் எங்க?"

"கையெழுத்து இல்லாம அப்படியே இருக்கு. அழிச்ச பதிவு திரும்ப வரணும். ஒருத்தர் வேலையும் போகக்கூடாது. எட்டு மணி நேரத்துக்கு மேல யாரும் உக்கார மாட்டோம். அதுவரைக்கும் எங்க எண் வராது."

"நாளைக்கே வேற ஆறு பேரைக் கொண்டு வருவேன். தெரியுமில்ல?"

"கொண்டு வாங்க. நாலாயிரம் சொச்சம் குறையும் எங்கெங்க இருக்குன்னு அவங்களுக்குக் காட்ட ஆள் வேணுமே சார். நீங்க அழிச்ச பதிவும், அதுக்கு நீங்க போட்ட பதிலும் இந்த நோட்டுல இருக்கு."

"நோட்டை வெச்சுக்கிட்டு மிரட்டறீங்களா? அதுல உங்க தேதியும் இருக்கும்ல?"

இதற்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். "இருக்கு சார்," என்றாள். "அதையும் சேர்த்தே விநியோகக் கம்பெனிக்காரங்ககிட்ட காட்டுவோம்."

முதலாளி கதவை அறைந்துவிட்டுப் போனார். விநியோகக் கம்பெனிக்கு ஃபோன் போட்டுக் கத்துவது சுவர் வழியே கேட்டது. அவர் என்ன செய்வார், நாளை காலை வாயிற்கதவு திறந்திருக்குமா, மகளிடம் இன்று என்ன சொல்வது, எதுவும் தெரியவில்லை.

அப்போது வெளியே ஏதோ உருளும் சத்தம். பக்கத்துக் கூடத்தில் சுவர்கள் வரைகிற ஆள், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். மூன்று வருடம் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்தும் அவர் குரலை இவர்கள் கேட்டதில்லை.

"கேட்டுட்டுதான் இருந்தேன்," என்றார். "அது நான் வரைஞ்ச சுவர். மூலைய மூட ஒரு மணி நேரம் கேட்டேன், எனக்கும் தள்ளிவைன்னுதான் வந்துச்சு. அந்த மெயில் எங்கிட்ட இருக்கு." தயங்கினார். "இங்க உக்காரலாமா?"

பாட்டுக்காரி தன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள். அவருக்குப் பின்னால், கூடத்தில், இன்னும் ஓரிரண்டு நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. வருகின்றனவா, சும்மா நகர்கின்றனவா என்று சொல்ல முடியவில்லை.

சுவரக்காவின் கட்டைவிரல் மடியில் கிடந்தபடி பழக்கத்தில் எதையோ அழுத்தி அழுத்தித் துடித்தது. கண்ணாடி அதைப் பார்த்தாள். அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். ஆறு பேரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.