பன்னிரண்டாம் நாளில் சொன்ன செய்தி

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. வவுனியா ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு இரத்தம் குடுக்கிற வரிசையில், எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த சுமித்திரா சொன்னது. நான் சீனி வருத்தத்துக்காக, இரத்தத்தில் சர்க்கரை பார்க்கப் போயிருந்தேன். அவள் தங்கையின் கிளினிக் துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு இருந்தாள். எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கோ. ஆனா என்னை நல்லவளாக்கிப் போடாதைங்கோ," என்றாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கனகராயன்குளத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், பஸ்ஸை விட்டு இறங்கிய சுமித்திரா தன்

(அன்று மழை இல்லை. நல்ல வெயில். துயரத்துக்கு முன்னால் கொஞ்சம் மழை எனக்குத்தான் வேண்டியிருந்தது.)

2.

சுமித்திராவுக்கு முப்பத்திரண்டு வயது. கணபதியின் மூத்த மகள். கணபதியின் தகப்பன் காலத்தில் மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்து, கனகராயன்குளத்தில் காடு வெட்டி வயலாக்கிய குடும்பம். அவள் இப்போது நோர்வேயில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். தங்கை கஜனி ஊரிலேயே முன்பள்ளி ஆசிரியை. கஜனிக்கு லூபஸ். உடலைக் காக்க வேண்டிய செல்கள் உடலையே தாக்குகிற நோய்.

எல்லோருடைய இரத்தத்திலும், தாக்குகிற செல்களோடு அவற்றைப் 'போதும்' என்று அடக்குகிற செல்களும் உண்டு. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று பெயர். நோயாளியின் இரத்தத்திலிருந்து செல்களை எடுத்து, அடக்குகிறவையாக மாற்றி, கோடிக்கணக்கில் பெருக்கி, அவருக்கே திரும்ப ஏற்றலாமா என்று பார்ப்பதுதான் சுமித்திராவின் வேலை. மாற்ற முடிகிறது. மாறியது மாறியபடியே நிலைக்கச் செய்வதுதான் பெரும்பாடு. அழற்சி உள்ள இடத்துக்குப் போனதும் சில செல்கள் தங்கள் வேலையை மறந்துவிடுகின்றன. சில, தாக்கவே தொடங்கிவிடுகின்றன.

(முதல் வரைவில் இந்த இடத்தில் படை, காவலரண், பக்கம் மாறுவது என்றெல்லாம் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது சுமித்திரா கையை நீட்டி நிறுத்தினாள். "இது செல். எங்கட ஊரில அந்தச் சொல்லுகளுக்கு வேற அர்த்தம் இருக்கு. எடுத்துவிடுங்கோ." எடுத்துவிட்டேன்.)

3.

மாசியில், செல்களை வளர்க்கத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் பரிசோதனையில், நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு செல்கள் அடக்குகிற செல்லுக்குரிய அடையாளத்தைக் காட்டின. மூன்று வருடத்தில் அப்படியொரு எண்ணை அவள் கண்டதில்லை. வெளியே பனிக்குள் நின்று தங்கைக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள். "கஜனி, வந்திட்டுதடி. உனக்கு மருந்து வந்திட்டுது."

இருபதாம் நாள், அதே செல்களை அழற்சிச் சூழலில் வைத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒன்று மறந்திருந்தது.

அந்தச் செய்தியை அவள் அனுப்பவில்லை.

(இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. வேலைப்பளுவால் அனுப்பவில்லை என்று எழுதி, வெட்டினேன். அவளிடமே கேட்டேன். "வெக்கம்," என்று மட்டும் சொன்னாள்.)

4.

வைகாசியில் லீவில் வந்தாள். கஜனி வாசலுக்கு வந்து கட்டிப்பிடித்தாள். ஸ்டீரோய்ட் மாத்திரையால் வந்திருந்த கன்னத்து ஊதல் வற்றியிருந்தது. ஆனால் கால்கள் வீங்கி, செருப்பு வார் ஆழமாகப் பதிந்திருந்தது.

"குளிசை போடுறியா?"

"இல்லை."

"எப்ப நிப்பாட்டினனி?"

"பங்குனியில. 'ரீச்சர், ஏன் உங்கட முகம் பலூன் மாதிரி இருக்கு' எண்டு பிள்ளையள் கேக்குதுகள். நீதானே மருந்து வந்திட்டுது எண்டு சொன்னனி. கொஞ்ச நாள்தானே எண்டு விட்டிட்டன்."

சுமித்திரா பயணப் பையைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"அது சரிவரேல்லை, கஜனி. அடுத்த கிழமையே எனக்குத் தெரியும்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

 குசினியிலிருந்து வந்த கணபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சண்டையைப் பிறகு பிடியுங்கோ. முதல்ல ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ," என்றுவிட்டு ஓட்டோவுக்குப் போன் எடுத்தார்.

சிறுநீரகத்தில் நோய் இறங்கியிருந்தது. பதினொரு நாள் வார்டில் வைத்திருந்தார்கள். ஊசி போட்டார்கள்; விட்ட குளிசைகளைக் கூட்டிக் கொடுத்தார்கள். சுமித்திரா லீவை நீட்டி, இருபதாம் நாள் நடந்ததைக் கட்டிலருகே இருந்து சொன்னாள். நான்கு நாள் கஜனி அவளோடு ஒரு சொல் பேசவில்லை. ஐந்தாம் நாள், அக்கா நீட்டிய தேத்தண்ணியை வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"மூண்டில ஒண்டு மறந்தது சரி. மற்ற ரெண்டும் ஏன் மறக்கேல்லை?"

"அதைத்தான் தேடுறம்."

"தேடுறம் எண்டு அப்பவே சொல்லியிருந்தா, நான் குளிசையைப் போட்டுக்கொண்டு காத்திருந்திருப்பன்."

5.

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில், செல்கள் நிலைத்துவிடுகின்றன. அந்தச் சிகிச்சையைப் பெறும் முதல் ஆள் கஜனி. எழுதி முடித்த பிறகுதான், மாசியில் சுமித்திரா செய்ததையே நானும் செய்கிறேன் என்று தெரிந்தது. அடுத்தது, வேண்டாம். மூன்றாவது, அக்காவும் தங்கையும் குளக்கட்டில் அமைதியாக நடந்து

(பொய்.)

போன வெள்ளிக்கிழமை கனகராயன்குளம் போய், இதுவரை உள்ளதை அவர்களுக்கு வாசித்தேன். கஜனி கேட்டாள்:

"நான் சாகிற முடிவும் வச்சிருக்கிறீங்களோ?"

"ஓம்."

"அதையும் வாசியுங்கோ."

வாசித்தேன். பாதியில் கணபதி எழுந்து வெளியே போனார். கஜனி கடைசிவரை கேட்டாள்.

"செத்தவீட்டில அக்கா மயங்கி விழுகிறா எண்டு எழுதியிருக்கிறீங்கள். அவா விழமாட்டா. வந்த சனத்துக்குத் தேத்தண்ணி குடுத்துக்கொண்டு திரிவா. எல்லாரும் போன பிறகுதான்..."

 சுமித்திரா தங்கையின் காலை மடியில் எடுத்துவைத்து, கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தி, வீக்கத்தில் பள்ளம் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

6.

செவ்வாய்க்கிழமை கிளினிக். சிறுநீர்ப் பரிசோதனை முடிவு அன்றுதான் வரும். அதற்கு அடுத்த நாள் சுமித்திராவுக்கு விமானம். இன்று ஞாயிற்றுக்கிழமை. நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். இதற்கு மேல் எழுதினால், எனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லவேண்டி வரும்.

உங்களுக்கு ஒரு முடிவு தோன்றியிருக்கும். நல்ல முடிவாகவே இருக்கட்டும், வைத்துக்கொள்ளுங்கள். கஜனிக்கு மட்டும் இப்போதைக்கு அதைச் சொல்லவேண்டாம்.