ஏ கிளாஸ் காது

தெருவில் அவரை ‘ஒலிவேந்தர்’ என்று சொல்லிச் சிரித்தார்கள். அவர் அதைப் பாராட்டென்றே நம்பினார். காதில் பஞ்சடைத்த கூட்டத்துக்குக்கூடத் தன் அருமை புரிந்துவிட்டதே!

முன்னறையின் ஒரு மூலையை அவருடைய ஏ கிளாஸ் ஆம்ப்ளிஃபயர் அடைத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் தையல் மெஷின் போட வேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் ஆசை. அவள் தம்பி உள்ளங்கை அகலத்தில் ஒரு டி கிளாஸ் பெட்டியோடு வந்து சேர்ந்தான்.

“இது போதும் மாமா. வித்தியாசமே தெரியாது.”

“உனக்குத் தெரியாது. ஆம்ப்ளிஃபயர்னா என்னடா? சின்ன சிக்னல் குழாயைத் திருப்புது, பெரிய கரண்ட் பாயுது. ஏ கிளாஸ்ல குழாய் மூடவே மூடாது. பி கிளாஸ்ல ரெண்டு குழாய், ஆளுக்குப் பாதி அலை. கைமாத்துற இடத்துல கரகரக்கும். ஏபி அதைப் பூசி மெழுகுறது. உன் டி? நொடிக்குப் பல லட்சம் தடவை ஆன், ஆஃப். அது பாட்டா? சுவிட்ச்சு!”

“உங்களது பாடாதப்பவும் அடுப்பா கொதிக்குதே,” என்றாள் மனைவி. “சரி, ரெண்டையும் திரைக்குப் பின்னால வைக்கிறோம். முதல்ல இடப்பக்கம் பாடும், அப்புறம் வலப்பக்கம். எது உங்களுதுன்னு சொல்லிட்டா இடம் உங்களுக்கு. இல்லேன்னா மெஷினுக்கு.”

இந்த ஜடங்களிடம் பரீட்சையா? சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

இடப்பக்கம் பாடியது. வலப்பக்கம் பாடியது. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. நாற்காலியை நகர்த்துகிற சாக்கில் புறங்கையைத் திரையோரம் கொண்டுபோனார். இடப்பக்கம் குளிர்ச்சி. வலப்பக்கம் கதகதப்பு.

“வலப்பக்கம்! என்ன உயிர், என்ன குழைவு! காதுன்னு ஒண்ணு இருந்தா போதாதா?”

மைத்துனன் திரையை விலக்கினான். வலப்பக்கம் அவனுடைய குட்டிப் பெட்டி. அருகே இஸ்திரிப் பெட்டி சூடாக நின்றது. ஆம்ப்ளிஃபயர் இடப்பக்கம், திரையை விட்டுத் தள்ளி ஜன்னலோரம் இருந்தது.

“தினமும் அதுமேல கைய வெச்சுட்டுத்தானே ஆஹாங்கிறீங்க,” என்றாள் மனைவி. “காதால கேக்கத்தானே சொன்னேன்?”

மைத்துனன் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கக் குனிந்தான்.

“தொடாதே! சூடு.”

பழந்துணியைச் சுற்றி அவரே தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார். இனி மெஷினின் கடகடப்பில் டி கிளாஸ் பாட்டுக் கேட்கப்போகும் அந்த இருவருக்காகவும் அவர் உண்மையிலேயே பரிதாபப்பட்டார்.