கொடியல்லியின் முதுகு

ஜெபராணி அமெரிக்காவில் டேலி சிட்டிக்கு வந்து ஆறு வருஷம். பாளையங்கோட்டைக் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள், இங்கே வேலை பார்க்க விசா இல்லாமல் கொத்தமல்லிக்கும் பார்ஸ்லிக்கும் வித்தியாசம் பார்த்துக்கொண்டு சமையலறையில் கிடந்தாள். செடி என்று அவள் வாயைத் திறந்தாலே புருஷன் ஞானசீலனுக்குக் கொட்டாவி வந்துவிடும். அப்பேர்ப்பட்ட மனுஷன் 1986 ஏப்ரலில் ஒரு ஞாயிறன்று, சர்ச் முடிந்ததும், "வா ஜெபா, மலைக்கு ட்ரைவ் பண்ணலாம். உன் லூபின் செடியைக் காட்டு" என்றான். அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுத் தொலைத்தாள்.

அந்தக் குன்றில்தான் அவன் கம்பெனி எண்பது வீடு கட்டப்போகிறது. அவன் அங்கே சிவில் இன்ஜினியர்; இருவருக்கும் கிரீன் கார்டு கேட்டு எழுதியிருப்பதும் அதே கம்பெனிதான். குன்றில் வெள்ளி லூபின் இருந்தால் சட்டப்படி வீடு வராது, ஏனென்றால் அழிந்துவரும் ஒரு சின்ன நீல வண்ணத்துப்பூச்சி அதில்தான் முட்டையிடும். ஜெபராணி அந்தச் செடியை அங்கே கண்டுபிடித்துப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டிருந்தாள். செடி நிற்கும் இடங்களின் பட்டியல் சரியாக இருந்தால் உன் பெயரிலேயே அறிக்கை போகும், உதவியாளர் வேலைக்கு விசாவும் கேட்கிறேன் என்று அங்கிருந்து ஒரு பேராசிரியை பதில் எழுதினாள். சனிக்கிழமை வருகிறாளாம். இதை எதையும் அவள் புருஷனிடம் மறைக்கவில்லை. "கம்பெனி வேற, நீ வேற. நீ உன் வேலையைப் பாரு" என்று அவனும் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டான்.

மேலே காற்று பிய்த்துக்கொண்டு போனது. சரிவெல்லாம் பூ.

"ஊதாவா பூத்தா வெள்ளி லூபின், மஞ்சளா பூத்தா மற்ற லூபின். அவ்வளவுதானே?" என்றான்.

"கலரை நம்பாதீங்க. அந்த மஞ்சள் ஜாதியே சில இடத்துல ஊதாவும் பூக்கும்."

"அப்போ இலை?"

"ரெண்டுக்கும் விரிச்ச கை மாதிரிதான் இலை. வெள்ளி லூபினுக்கு ரெண்டு பக்கமும் பட்டு மாதிரி ரோமம் இருக்கும். ஆனா மற்றதோட தளிரும் சில நேரம் நரைச்சுத் தெரியும், ஏமாந்துருவோம்." அவள் ஒரு பூவைக் கிள்ளினாள். "அவரைப் பூ மாதிரிதானே இருக்கு? இந்த நிமிர்ந்து நிக்கிற பெரிய இதழ்தான் கொடியல்லி. இதைத் திருப்பி முதுகைப் பாருங்க. ரோமம் இருந்தா வெள்ளி லூபின். வழவழன்னு இருந்தா மற்றது."

அவள் கழுத்தில் தொங்கிய லென்ஸை வாங்கிக்கொண்டு அவன் செடி செடியாகப் பார்த்தான். மூன்றாவதில் தடுமாறினான், அதற்கப்புறம் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒரு பூவைப் பிடித்துக்கொண்டு அவன் கண்ணைச் சுருக்கிய அழகைப் பார்த்து ஜெபராணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆறு வருஷத்தில் அவள் பேச்சை அவன் முழுசாகக் கேட்டது அன்றுதான். தமிழ் ஆராதனைத் தாளின் பின்பக்கத்தில் குன்றை வரைந்து, வெள்ளி லூபின் நின்ற இருபத்தேழு இடத்திலும் அவள் புள்ளி வைத்தாள். "ஆஃபீஸ்ல ஜெராக்ஸ் எடுத்துத் தரேன்" என்று அதை அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

சனிக்கிழமை காலை பேராசிரியையை அழைத்துக்கொண்டு மூவருமாக ஏறினார்கள். முதல் புள்ளியில் செடி இல்லை. இரண்டாவதில், மூன்றாவதில், எங்கேயும் இல்லை. வேரோடு பிடுங்கி, மண்ணைத் தள்ளி மிதித்திருந்தது. மஞ்சள் பூ மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

"யாரோ பசங்க வேலை" என்றான் ஞானசீலன்.

"இதோ ஒன்று தப்பிவிட்டதே!" என்று பேராசிரியை ஆங்கிலத்தில் கூவினாள். பாறையோரம் ஊதாப் பூவோடு ஒரு புதர் நின்றது. ஜெபராணி ஓடிப்போய்ப் பூவைக் கிள்ளித் திருப்பினாள். கொடியல்லியின் முதுகு வழவழவென்று இருந்தது. சற்றுத் தள்ளி இன்னும் இரண்டு ஊதாப் புதர். அவையும் வழவழதான்.

பசங்களாக இருந்தால் ஊதா எல்லாவற்றையும் பிடுங்கியிருப்பார்கள். பிடுங்கியவன் பூவைத் திருப்பிப் பார்த்துப் பிடுங்கியிருக்கிறான். எதிலும் தேவைக்கு மேல் கை வைக்காத, கணக்கான ஆள். அவள் புருஷனைப் பார்த்தாள்.

"கிரீன் கார்டு ரெண்டு பேருக்கும்தான், ஜெபா" என்றான் அவன், தமிழில், குரலைத் தாழ்த்தி.

பேராசிரியையும் அந்தப் புதர்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். முகம் மாறிவிட்டது. "தெரிந்தவர்தான் இதைச் செய்திருக்க முடியும். உங்கள் கணவருக்கு இந்தக் கம்பெனியில்தானே வேலை, மிஸஸ் ஞானசீலன்?" என்று ஜெபராணியையே சந்தேகமாகப் பார்த்துக் கேட்டாள்.

ஒரு வார்த்தை, இதைச் செய்தது அவள் இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்வான் என்று ஜெபராணி காத்திருந்தாள். செடி போகட்டும், வேலை போகட்டும், அந்த ஒரு வார்த்தை வந்தால் போதும் என்றுகூட அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. ஞானசீலன் கார்ச் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜெபராணி லென்ஸைக் கழுத்திலிருந்து கழற்றி அவன் கையில் வைத்தாள்.

"இந்த ஊரில் நான் ஒரே ஒருவருக்குத்தான் பாடம் எடுத்தேன், புரொஃபசர்" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். "நல்ல மாணவர். வேண்டுமானால் நீங்களே பரீட்சை வைத்துப் பாருங்கள்."