குழம்பில்லாத மீன்

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டும் நீலப் புடவையைச் செவ்வாய்க்கிழமை பகலில் கட்டிக்கொண்டு, கையில் ஐஸ் போட்ட கூடையோடு, இருதயம்மாள் ராயபுரத்தில் அந்த மாடிப்படி ஏறினாள். கீழே படகுக் கயிறும் நங்கூரமும் விற்கிற கடை. மேலே ‘டிங்கி’. சீனத்தின் கான்டன் சமையலையும் நம்மூர் சமையலையும் கலந்து போடுகிற சின்னச் சாப்பாட்டுக் கடை. திறந்து ஆறு மாதம் ஆகிறது. சிவப்புக் காகித விளக்குகளின் கீழ், பழைய மீன்பெட்டிப் பலகையில் அடித்த எட்டு மேசைகள்.

முந்தின நாள் அந்தக் கடையிலிருந்து, வேகவைத்துப் பார்த்த ஒன்று போக, அவளுடைய மிச்சக் கொடுவா மீன் ஆறும் திரும்பி வந்திருந்தன. மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறதாம். கொண்டுவந்த பெண் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் காசிமேட்டு மீன் வரிசையில் மெதுவான பேச்சு என்று ஒன்று கிடையாது.

“இருதயக்கா மீனை வண்டியில போட்டா எண்ணூர் வரிக்கும் ஓடும்டி!” என்றாள் பக்கத்தில் கடை போட்டிருக்கும் ஹெப்சிபா. வரிசை மொத்தமும் சிரித்தது.

இருபத்தாறு வருடம் மீன் விற்றவள். அவளிடம் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குகிறவர்கள் இருந்தார்கள். அன்று பத்து மணிக்குள் மூன்று பேர் தூக்கிப் பார்த்தார்கள். ஒருத்தி மூக்கை வைத்தே முகர்ந்தாள். பதில் சொல்ல இருதயம்மாள் ஒரு நாள் எடுத்துக்கொண்டாள்.

“அக்கா, நேத்து நாந்தான் வந்தேன்...” என்று, டிங்கியில் அவள் உட்கார்ந்ததும் தண்ணீர் வைத்த பெண் தயங்கினாள். மகிழினி என்று அவள் சட்டையில் எழுதியிருந்தது.

“தெரியும். உங்க சமையல்காரர வரச் சொல்லு.”

பாலகணேஷ் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். நாற்பது வயதிருக்கும். ஹாங்காங் ஓட்டல் ஒன்றில் ஒன்பது வருடம் அடுப்படியில் நின்றுவிட்டு வந்தவன்.

“இன்னா தம்பி, என் மீனு நாறுதாமே?”

“நாறுதுன்னு சொல்லலக்கா. வாடை கீதுன்னேன்.”

“ரெண்டும் உங்க ஊர்ல வேற வேறயா?”

“எங்க ஊரு இதோ பக்கத்துல, கொருக்குப்பேட்டைக்கா.”

அவள் சிரிக்கவில்லை. கூடையை மேசைமேல் வைத்தாள். “ரெண்டு கொடுவா. இன்னிக்குக் காலையில என் தம்பி வலையில ஏறுனது. நீ மீன்ல இன்னின்னா பண்ணுவியோ, அத்தினியும் இத வெச்சே பண்ணு. காசு குடுத்துத் துன்றேன். வாடை வந்தா நானே சொல்றேன். வரலன்னா, நாளைக்கு நீ மார்க்கெட்டுக்கு வந்து அந்தப் பொம்பளைங்க முன்னாடி சொல்லணும்.”

அவன் செவுளைத் தூக்கினான். ரத்தச் சிவப்பு. கண் பளிங்குபோல இருந்தது. “நல்ல மீனுக்கா,” என்றான் தனக்குள் பேசுவதுபோல. பிறகு, “வாடை இல்லன்னு நீங்க சொன்னா வந்து சொல்றேன்,” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தம்பி ஃப்ரெடி கல்யாணமாகி எண்ணூரில் தங்கிவிட்டவன். முகத்துவாரத்தில் வலை போடுகிறான். அவன் பிடிப்பதை அவள் விற்கிறாள். அந்த மீனுக்குப் பேர் கெட்டால் இரண்டு வீட்டு அடுப்புக்கும் கேடு. காலையில் ஃபோனில், “மீனு நல்லாகீதுன்னு அவனை வாயத் தொறந்து சொல்ல வெக்காம வராதக்கா,” என்றிருந்தான்.

முதலில் மிளகும் உப்பும் கறிவேப்பிலையும் போட்டுப் பொரித்த துண்டுகளை மகிழினி கொண்டுவந்தாள்.

“குச்சி வேணுமாக்கா, ஸ்பூனா?”

“ஏன், எனக்குக் கை இல்லியா?”

மேல்தோல் நொறுங்கியது. உள்ளே வெள்ளைச் சதை இதழ் இதழாகப் பிரிந்தது. மென்றாள், விழுங்கினாள், காத்திருந்தாள். ஒன்றுமில்லை. அடுத்தது, புளிக்கவைத்த கறுப்பு பீன்ஸும் காய்ந்த மிளகாயும் போட்டுப் பிரட்டியது. கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட உறவுபோல ஒரு வாசம். நன்றாகவே இருந்தது. அதிலும் ஒன்றுமில்லை. தட்டை வழித்துத் தள்ளினாள்.

“எப்டிக்கா கீது?” என்றாள் மகிழினி.

“உங்க ஆளு நல்லா சமைக்கிறான். மூக்குதான் சரியில்ல.”

மூன்றாவது கஞ்சி. குழைந்த அரிசியில் மெல்லிய மீன் சீவல்கள், மேலே வறுத்த நெத்திலிக் கருவாடு. பாதிக் கிண்ணத்தில் ஏதோ ஒரு வாடை லேசாகத் தட்டியது. நெத்திலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மிச்சத்தையும் குடித்தாள்.

நான்காவதைப் பாலகணேஷே எடுத்துவந்தான். நீளத் தட்டில் முழு மீன். ஆவியில் வெந்தது; மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும் நூலாக அரிந்து போட்டிருந்தான். காய்ச்சிய எண்ணெயை ஊற்றியபோது சடசடவென்று பொரிந்தது. ஓரமாகக் கொஞ்சம் சோயா. வேறொன்றும் இல்லை.

“நேத்து இதுலதான் தெரிஞ்சுதுக்கா,” என்று எதிரில் உட்கார்ந்தான்.

அவள் வயிற்றுப் பக்கத்தில் விரலை வைத்து ஒரு விள்ளல் எடுத்தாள். பஞ்சுபோல வந்தது. நாக்கில் இனித்தது. கொடுவாவுக்கு இப்படி ஒரு இனிப்பு உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. விழுங்கினாள்.

அதற்குப் பிறகு வந்தது அது. தொண்டைக்குப் பின்னாலிருந்து, மூக்குக்குள் ஏறி. ஸ்டவ்வுக்கு எண்ணெய் ஊற்றிய கையை முகர்ந்ததுபோல.

இன்னொரு விள்ளல். அதே. அடிப்பக்கத்தைப் பார்ப்பதற்காக மீனைப் புரட்டப் போனாள்.

“திருப்பாதீங்கக்கா. ஹாங்காங்குல மீன்காரங்க தட்டுல மீனைத் திருப்ப மாட்டாங்க. கடல்ல படகு கவுந்துடுமாம்.”

அவள் கை அப்படியே நின்றது. ஃப்ரெடியின் படகு இந்நேரம் கரைக்கு வந்திருக்கும். இருந்தாலும் திருப்பவில்லை. நடுமுள்ளைத் தலையோடு தூக்கி ஓரம் வைத்துவிட்டு, அடிச் சதையைக் கிள்ளி வாயில் போட்டாள்.

வாடை ஃப்ரெடியின் வாடையாக இருந்தது. அவன் வீட்டுக்கு வந்துபோனால் நாற்காலியில் கொஞ்சநேரம் தங்கும். படகு எஞ்சின் என்று அவள் இத்தனை வருடம் நினைத்திருந்தாள். முகத்துவாரத் தண்ணீரில் வெயில் படும்போது மயில் கழுத்து நிறத்தில் ஒரு எண்ணெய்ப் படலம் மினுங்கும், அதையும் பார்த்திருக்கிறாள். அந்த மீனை இரண்டு உருண்டை புளி, ஒரு கைப்பிடி மிளகாய்த்தூள், மாங்காய், பூண்டு என்று எல்லாவற்றுக்கும் அடியில் போட்டுக் கொதிக்கவிட்டுத்தான் எப்போதும் தின்றிருக்கிறாள். இப்படி ஒன்றுமே போர்த்தாமல் அது அவள் முன்னால் ஒரு நாளும் படுத்ததில்லை.

நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை போதும். நாளைக்கு இவன் மார்க்கெட்டுக்கு வந்து நிற்பான், வாக்குக் கொடுத்ததைச் செய்கிற முகம். ஹெப்சிபா வாயை மூடிக்கொள்வாள். செவுளைத் தூக்காமல் வாங்குகிறவர்கள் திரும்பி வருவார்கள். வாங்கிப்போய்ப் பிள்ளைகளுக்குக் குழம்பு வைப்பார்கள்.

இருதயம்மாள் கையைத் தட்டோரத்தில் துடைத்தாள்.

“கீது தம்பி. நீ சொன்ன வாடை கீது.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஜெயித்தவன்போல இல்லை. “மீனு புதுசுக்கா. தண்ணிதான் எண்ணெய் கலந்து கலீஜாயிடுச்சு. உங்க மேல ஒண்ணும் தப்பில்ல.”

“வித்தது நானு. அப்போ என் மேலதான்.” எழுந்தாள். “நாளைக்கு நீ மார்க்கெட்டுக்கு வர வாணாம். அவளுங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன். வெளிக்கடல் வவ்வா மீனு ரெண்டு எடுத்தாறேன். இதே மாதிரி வேகவெச்சுக் குடு. மொதல்ல நான் துன்றேன். அப்பால நீ வாங்கறதப் பத்திப் பேசலாம்.”

மகிழினி தட்டை எடுக்க வந்தாள்.

“எடுக்காத. கட்டிக் குடு.”

“சாஸு தனியா வெக்கட்டுமாக்கா?”

“ஒண்ணும் வெக்காத. மீனு மட்டும்.”

படியிறங்கும்போதே ஃப்ரெடியைக் கூப்பிட்டாள்.

“இன்னாக்கா, மூக்கறுத்தியா அவனை?”

“நாளைக்கு மொகத்துவாரத்துல வலை போடாத.”

“இன்னாக்கா பேஜாரு பண்ற! எவனோ சொன்னான்னு... பொறந்ததுலேருந்து அதத்தான துன்னுகினு கீறோம்?”

“கொழம்புல துன்னோம்டா.”

ஃபோனில் காற்று மட்டும் இரைந்தது. எண்ணூர்ப் பக்கம் போகிற பஸ் வந்து நின்றது. சூடு ஆறாத பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள்.

“வூட்ல கொழம்பு வெச்சிருந்தா மூடி வை,” என்றாள். “தட்டு ஒண்ணு கழுவி வை. நான் வந்துகினே கீறேன்.”